வட்டாரப் பயங்கரவாத எதிர்ப்புப் பயிற்சி: பல நாட்டுக் காவலர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்து எதைச் சொல்லித்தர வேண்டும்?

வடகடல் எழுதியது:

ஆசியாவில் காவல்துறைகளுக்கான கூட்டுப் பயிற்சி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. பாலி குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து 2004இல் தொடங்கிய ஜேக்ளெக் என்ற ஜகார்த்தா சட்ட அமலாக்க ஒத்துழைப்பு மையம் இருக்கிறது (பெயரில்தான் ஜகார்த்தா, இடம் செமராங் போலீஸ் அகாதமி வளாகம்). மலேசிய வெளியுறவு அமைச்சின் கீழ் 2003இல் வந்த தென்கிழக்காசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையமான சியர்க்ட், அமெரிக்காவும் தாய்லாந்தும் பாங்காக்கில் நடத்தும் சட்ட அமலாக்க அகாதமியான ஐலியா என்று பட்டியல் நீளும்.

ஒப்பந்தங்களும் அப்படியே. சார்க் பயங்கரவாத ஒடுக்க உடன்படிக்கை 1987, அதன் கூடுதல் நெறிமுறை 2004. ஆசியான் உடன்படிக்கை 2007இல் செபுவில் கையெழுத்தாகி 2011இல் நடைமுறைக்கு வந்தது. வங்காள விரிகுடாவைச் சுற்றிய நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கின் உடன்படிக்கை 2009இல் கையெழுத்தாகி 2021 மார்ச்சில்தான் உயிர் பெற்றது. பதினோரு வருடத்துக்கு மேல் கோப்பிலேயே தூங்கியிருக்கிறது!

என் கேள்வி சின்னது. ஐந்து நாள் வகுப்பு, ஏழெட்டு நாடுகள், மொத்தம் 24 பேர். அதில் எதை வைப்பது, எதை விடுவது?

என் கட்சி இது: துப்பாக்கிப் பயிற்சி, கட்டடத்துக்குள் நுழைவது, பணயக்கைதி மீட்பு எல்லாம் அந்தந்த நாடு தன் படைக்குத் தன் ஆயுதத்தோடு தன் விதிப்படி செய்துகொள்ளட்டும். கூட்டு வகுப்புக்கு உரியது கைமாறும் இடங்கள் மட்டுமே. ஒரு நாட்டின் தகவல் அடுத்த நாட்டு மேசைக்குப் போகும் இடம், ஒரு நாட்டில் எடுத்த தடயம் அடுத்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகும் இடம். தவறெல்லாம் அங்கேதான் நடக்கிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

—

சல்லடை எழுதியது:

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைமாற்றுவதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

பாலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 அக்டோபர் 12, உயிரிழந்தவர்கள் 202 பேர், அதில் 88 பேர் ஆஸ்திரேலியர்கள். வழக்கைத் திறந்த சாவி, குண்டு வைத்திருந்த மிட்சுபிஷி எல்300 வேனின் சிதைந்த இரும்புத் துண்டு. சேசிஸ் எண்ணை அரம் போட்டு அழித்திருந்தார்கள். ஆனால் முன்பு பயணிகள் வண்டியாக ஓடிய காலத்தில் பொறித்த இன்னொரு எண் தப்பிவிட்டது. அதைப் பிடித்து உரிமையாளர் வரிசையில் போய்த்தான் அந்த வேனை வாங்கிய அம்ரோசியை நவம்பர் 5ஆம் தேதி கைது செய்தார்கள். அந்தத் துண்டைக் குப்பையோடு அள்ளியிருந்தால் இந்தோனேசிய, ஆஸ்திரேலிய ஒத்துழைப்பு எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஆகவே வெடிப்புக்குப் பிந்தைய இடச் சோதனைக்கு ஒன்றரை நாளாவது வேண்டும். செயலிழக்கச் செய்யும் வேலை இதில் சேராது, அதைப் பற்றி ஐந்து நாள் வகுப்பில் பேசவே கூடாது. அது தனித் தொழில். அரைகுறையாகக் கற்றவன் உயிரைத்தான் விடுவான். முதலில் போய்ச் சேருகிற காவலரும் அவருக்குப் பிறகு வரும் தடயக் குழுவும் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

காயமுற்றவர்களை எடுக்கும்போதே இரண்டாவது குண்டு இருக்கலாம் என்ற நினைப்போடு இருக்க வேண்டும். இடம் பாதுகாப்பானது என்று வெடிகுண்டுப் பிரிவு சொல்லும்வரை தடயக் குழு உள்ளே கால் வைக்கக் கூடாது. அடுத்தது சுற்றுவேலி. வெடித்த மையத்திலிருந்து மிகத் தொலைவில் கிடந்த துண்டுவரை அளந்து, அந்தத் தூரத்தை ஒன்றரை மடங்காக்கினால் வருவதே எல்லை. துண்டு 200 மீட்டரில் கிடந்தால் வேலி 300 மீட்டரில். பிறகு 250 மீட்டரில் இன்னொன்று கிடைத்தால் வேலி 375க்கு நகர வேண்டும். நடைமுறையில் யாரும் நகர்த்துவதில்லை, முதலில் கட்டிய கயிறே கடைசிவரை நிற்கும். கூரை, மரக்கிளை, மழைநீர்க் குழாய் இவற்றைத் தேடாமல் விடுவது அடுத்த பிழை.

வேதித் தடயம் எடுப்பவர் அன்று துப்பாக்கியையோ வெடிபொருளையோ தொட்டவராக இருக்கக் கூடாது. கையுறை மாட்டியதும் அதன் மேலேயே ஒரு வெற்றுப் பஞ்சுத் தடவல் எடுத்து முத்திரை வைக்க வேண்டும். "துகள் உங்கள் கையிலிருந்தே வந்திருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும்போது அந்தப் பஞ்சுதான் பதில். குழியிலிருந்து எடுக்கும் மண்ணோடு, வெடிப்பின் பாதிப்பு எட்டாத இடத்து மண்ணும் ஒப்பீட்டுக்குத் தேவை. ஆவியாகும் பொருள் இருக்கக்கூடிய மாதிரியைச் சாதாரண பாலித்தீன் பையில் போட்டால் ஆவி வெளியே கசியும், பக்கத்துப் பையின் ஆவி உள்ளேயும் வரும். நைலான் பை அல்லது காற்றுப்புகாத உலோக டப்பா வேண்டும். இடிபாட்டைச் சலிக்கும் சல்லடை இரண்டு அடுக்கு: மேலே 6 மி.மீ. கண், கீழே 3 மி.மீ.

எல்லாவற்றுக்கும் மேலான எதிரி தண்ணீர் லாரி. தலைவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தெருவைக் கழுவிவிடுவார்கள். இதையும் வகுப்பில் ஒரு பாடமாகவே வைக்க வேண்டும்.

—

மட்டுநகர் வாசி எழுதியது:

வடகடல் சொன்ன 'கைமாறும் இடம்' என்பதற்கு இலங்கையின் உயிர்த்த ஞாயிறு தாக்குதலை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2019 ஏப்ரல் 21. மூன்று தேவாலயங்கள், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள், 260 பேருக்கு மேல் உயிரிழப்பு. இந்தியத் தரப்பிடமிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்துவிட்டது. அதாவது நாடுகளுக்கு இடையிலான கைமாற்றம் ஒழுங்காகவே நடந்தது. நாட்டுக்கு உள்ளே, அரச புலனாய்வுச் சேவையிலிருந்து பொலிஸ் தலைமையகத்துக்கும் அங்கிருந்து நிலையங்களுக்கும் இறங்குகையில்தான் எல்லாம் நீர்த்துப்போனது. ஏப்ரல் 11ஆம் திகதிய குறிப்பு பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்குப் போனது. தேவாலயங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

சல்லடைக்கும் ஒன்று. ஏப்ரல் 16ஆம் திகதி காத்தான்குடிக்குப் பக்கத்தில் பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. ஒத்திகை அது. கையில் எச்சரிக்கைக் கடிதம் இருந்த நேரத்தில் நடந்த வெடிப்பு! கடிதமும் அந்த வெடிப்பும் ஒரே மேசையில் சந்தித்திருந்தால் ஐந்து நாள் அவகாசம் இருந்தது. தடயப் பயிற்சியும் தகவல் பயிற்சியும் வேறு வேறு என்று பிரிக்க ஏலாது என்பதற்கு இதுவே போதும்.

2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து முன்னாள் ஜனாதிபதிக்கு 10 கோடி ரூபா, அப்போதைய பொலிஸ் மா அதிபருக்கு 7.5 கோடி ரூபா என்று நட்டஈடு விதித்தது. எந்தப் பயிற்சிநெறியிலும் அந்தத் தீர்ப்பை முதல் நாள் வாசிக்கக் கொடுக்க வேண்டும். எச்சரிக்கை கிடைத்த பின் எவர் எவருக்கு எத்தனை மணிக்குச் சொன்னார் என்ற பதிவேடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று புரியும்.

—

பிரிவு112 எழுதியது:

மட்டுநகர் வாசி, 'உயர் நீதிமன்றம்' என்று நீங்கள் எழுதியதைத் தமிழ்நாட்டு வாசகர் ஹைகோர்ட் என்று படிப்பார். நீங்கள் சொல்வது இங்கே உச்ச நீதிமன்றம். இது சின்ன விஷயமில்லை, பிறகு யாராவது விரித்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

சட்டப் பக்கத்துக்கு வருகிறேன். பயிற்சிக்கு வருபவர்கள் குழப்பிக்கொள்வது இரண்டு வழிகளை. காவல்துறைக்கும் காவல்துறைக்கும் இடையே போகும் தகவல் ஒரு வழி. அது விரைவானது, விசாரணையை நகர்த்த உதவும், ஆனால் பெரும்பாலும் நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது. ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டு அரசிடம் முறைப்படி கேட்டுப் பெறும் பரஸ்பர சட்ட உதவி இன்னொரு வழி. மெதுவானது, சான்றாக நிற்கும். முதல் வழியில் கிடைத்ததை அப்படியே குற்றப்பத்திரிகையில் ஒட்டினால் வழக்கு போகும். அதைவிட மோசம், தகவல் தந்த நாடு அடுத்த முறை தராது. தந்தவர் அனுமதியின்றி மூன்றாம் கைக்குக் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் துறையின் எழுதப்பட்ட, எழுதப்படாத முதல் விதி.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு நீதிமன்றக் கோரிக்கைக் கடிதம் அனுப்புவது பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 112 (பழைய 166ஏ), வெளியிலிருந்து வருவது 113. இந்தக் கோரிக்கைகளை அனுப்பவும் பெறவும் உரிய மத்திய அதிகார அமைப்பு உள்துறை அமைச்சகம். இலங்கையில் 2002ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம், அங்கே நீதி அமைச்சின் செயலாளர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அட்டர்னி ஜெனரல். ஆசியானுக்குள் 2004இல் கோலாலம்பூரில் கையெழுத்தான சட்ட உதவி ஒப்பந்தம் இருக்கிறது. பிம்ஸ்டெக் நாடுகள் 2022 மார்ச்சில் கொழும்பு மாநாட்டில் தனியாக ஒன்றில் கையெழுத்திட்டன.

கோரிக்கை திரும்பி வருவதற்கான காரணங்கள் எப்போதும் ஒரே நாலைந்துதான். "இந்த நபரைப் பற்றிய அனைத்து விவரங்களும்" என்று வலைவீசிக் கேட்பது. குற்றத்துக்கும் கேட்கும் ஆவணத்துக்கும் உள்ள தொடர்பை எழுதாமல் விடுவது. அந்தச் செயல் அங்கேயும் குற்றம் என்று காட்டத் தங்கள் சட்டப் பிரிவை முழுமையாக இணைக்காதது. மரண தண்டனை உள்ள குற்றத்துக்கு அதை நிறைவேற்றமாட்டோம் என்ற உத்தரவாதம் பற்றி மௌனமாக இருப்பது. மொழிபெயர்ப்பு. வகுப்பில் விரிவுரை வேண்டாம். குறையுள்ள ஒரு கோரிக்கையைக் கையில் கொடுத்து, பெறும் நாட்டு அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து நிராகரிக்கச் சொல்லுங்கள். காரணத்தை அவர்களே எழுதட்டும். மறுநாள் அதே கோரிக்கையைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

மின்னணுச் சான்றில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்க நிறுவனங்களிடம் உள்ள தரவை அழியாமல் வைக்கக் கேட்டால் அந்நாட்டுச் சட்டப்படி 90 நாள் வைத்திருப்பார்கள், புதுப்பித்தால் மேலும் 90. சட்ட உதவிக் கோரிக்கை அதற்குள் போய்ச் சேராது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் புதுப்பிக்கும் தேதியை யாரும் நாட்காட்டியில் குறிப்பதில்லை. பாதுகாக்கக் கேட்பதும் தரவைக் கேட்பதும் வேறு என்பதே பலருக்குப் புதிது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் நிறுவனம் தானாகவே தரலாம், அதற்குத் தனிப் படிவம் உண்டு. ஆபத்து என்ன, கேட்கும் தரவு அதை எப்படித் தடுக்கும் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதப் பழக்க வேண்டும்.

—

செம்பனைக்காடு எழுதியது:

இன்டர்போல் பகுதியை நான் சேர்க்கிறேன். 196 உறுப்பு நாடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேசிய மத்தியப் பிரிவு, நடுவில் ஐ-24/7 என்ற தகவல் இணைப்பு. கருவி பழையது, நல்லது. சிக்கல் கடைசி மைல்.

தொலைந்த, திருடப்பட்ட பயண ஆவணங்களின் தரவுத்தளம் 2002 முதல் இருக்கிறது. குடிநுழைவு முகப்பில் கடவுச்சீட்டை வருடியதும் அது தானாகச் சரிபார்க்கப்பட்டால்தான் பலன். தலைநகரில் ஒரு கணினியில் மட்டும் இணைப்பு இருந்தால், சந்தேகம் வந்து தொலைபேசி போட்டுக் கேட்பதற்குள் ஆள் டாக்சியில் ஏறியிருப்பார். ஆகவே வகுப்புக்குக் காவலரை மட்டும் கூப்பிடாதீர்கள், குடிநுழைவு அதிகாரியையும் கூப்பிடுங்கள். ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2396ஆம் தீர்மானம் (2017) பயணிகள் பதிவுத் தரவையும் உயிரளவைத் தரவையும் (கைரேகை, முக அடையாளம் போன்றவை) நாடுகள் பயன்படுத்த வேண்டும் என்கிறது. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களும் முகப்பில் நிற்பவர்களும் சந்தித்ததே இல்லை.

இன்டர்போல் அறிவிப்புகளின் நிறம் தெரியாமல் சிவப்பையே கேட்பார்கள். ஆள் எங்கே என்று தெரிய வேண்டுமா, நீலம். இந்த ஆள் ஆபத்தானவர் என்று எச்சரிக்கவா, பச்சை. ஒரு பொருள், நிகழ்வு, முறை பற்றிய அவசர எச்சரிக்கையா, ஆரஞ்சு. ஆளைப் பிடித்துவைக்கக் கேட்கும் சிவப்புக்குக் கைது ஆணை வேண்டும். அரசியல், இராணுவ, சமய, இனத் தன்மை உள்ள விஷயங்களில் தலையிட இன்டர்போல் சாசனத்தின் 3ஆம் பிரிவு தடை போடுகிறது. "அமைப்பில் உறுப்பினர்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அங்கேயே நின்றுவிடும். அந்த நபர் தனிப்பட்ட முறையில் எந்த நாளில் என்ன செய்தார் என்று எழுத வேண்டும்.

இந்தியாவில் சி.பி.ஐ.தான் மத்தியப் பிரிவு. 2025 ஜனவரியில் பாரத்போல் வலைவாசல் வந்தபின் மாநிலக் காவல்துறை கடிதம், மின்னஞ்சல் என்று அலையாமல் நேரே கோரிக்கையை ஏற்ற முடிகிறது. பிற நாடுகள் பார்த்துச் செய்யக்கூடிய ஏற்பாடு.

—

இருமொழியன் எழுதியது:

பிரிவு112 தொட்டுவிட்ட சொல் விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். 'உயர் நீதிமன்றம்' மட்டுமல்ல, 'புலனாய்வு' இன்னும் மோசம். தமிழ்நாட்டில் அது வழக்கு விசாரணை. தேசிய புலனாய்வு முகமை செய்வது அதைத்தான். உளவுத் தகவலுக்கு இங்கே நுண்ணறிவுப் பிரிவு. இலங்கையில் 'அரச புலனாய்வுச் சேவை' என்றால் உளவு, 'குற்றப் புலனாய்வுத் திணைக்களம்' என்றால் விசாரணை. ஒரே சொல் இரண்டுக்கும். "புலனாய்வுத் தகவல்" என்று ஒரு தாளில் வந்தால் அது சான்றா, உளவா? இந்த இழை முழுக்க எந்த வேறுபாட்டைக் காப்பாற்றச் சொல்கிறதோ, அந்த வேறுபாட்டையே ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள் இப்படி என்றால், தாய், பஹாசா, சிங்களம், மாலைத்தீவின் திவேஹி எல்லாம் இருக்கும் அறையை நினைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: 80 முதல் 100 சொற்களுக்கு ஒரு சொற்பட்டியல், வகுப்புக்கு மூன்று வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளர் கையில். சொல்லுக்குச் சொல் மட்டும் போதாது, எந்த நாட்டில் எந்த அலுவலகம், யார் அதிகாரம் என்ற விளக்கத்தோடு. நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தால் ஒரு மணி நேர உரைக்கு அரை மணிச் சரக்குதான் தேறும், பாடத்திட்டத்தை அதற்கேற்பப் பாதியாக்க வேண்டும். கூடவே பேசும் முறை என்றால் ஒரு மொழிக்கு இரண்டு பேர், 20–30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். ஒருவரை வைத்துச் சமாளித்தால் பிற்பகலில் எண்களும் தேதிகளும்தான் முதலில் தப்பாகும்.

கற்பனைச் சம்பவம் ஒன்றை உட்கார்ந்து பேசித் தீர்க்கும் மேசைப் பயிற்சியில் ஒரு மேசைக்கு ஒரு நாடு என்று உட்கார வைக்காதீர்கள். தங்களுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். விசாரணை அதிகாரி, அரசு வழக்கறிஞர், மத்திய அதிகார அமைப்பின் ஆள் என மூன்று பேராக ஒரு நாட்டிலிருந்து அழைத்து, மூவரையும் மூன்று மேசைகளில் கலந்து போடுங்கள். பதவி வித்தியாசம் பெரிதாக இருந்தால் இளையவர் வாய் திறக்கமாட்டார், ஒரு மேசைக்கு ஏறக்குறைய ஒரே தரம். இடையிடையே புதுத் தகவல் எழுதிக் கொடுக்கும் நிகழ்வுச் சீட்டுகள் நாளுக்குப் பன்னிரண்டு போதும். அவற்றில் குறைந்தது மூன்று பொய்யாகவோ பாதி உண்மையாகவோ இருக்கட்டும். எல்லாச் சீட்டும் முக்கியமானதாக இருந்தால் சல்லடை போடும் திறமை வளராது (பெயரைச் சொல்லவில்லை!).

—

வடகடல் எழுதியது:

நல்ல சரக்கு. சல்லடையின் ஒன்றரை நாளை ஒத்துக்கொண்டேன். இரண்டு கேள்வி. ஆள் தேர்வை எப்படிச் சரிசெய்வது? பல நாடுகளில் இது வெளிநாட்டுச் சுற்றுலாப் பரிசு. இரண்டாவது, ஒரு நாட்டில் எடுத்த வாக்குமூலம் அடுத்த நாட்டில் செல்லுமா?

—

மட்டுநகர் வாசி எழுதியது:

இரண்டாவதுக்குப் பதில்: கவனம். இலங்கையில் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டப்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படும். இந்தியப் பொதுச் சட்டத்தில் எந்தத் தரத்துக் காவலரிடம் கொடுத்தாலும் அது குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது. ஒரே மேசையில் இருக்கும் இரண்டு அதிகாரிகள் 'வாக்குமூலம் இருக்கிறது' என்ற வசனத்தை இரண்டு விதமாக விளங்கிக்கொள்வார்கள்.

சித்திரவதையால் பெற்றது எங்குமே சான்றாகக் கூடாது என்பது ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 15ஆம் உறுப்புரை. மற்ற நாடு உதவி மறுக்கவும் அதுவே காரணமாகும். அதனால் விசாரணை அறைப் பயிற்சி என்றால் 2021இல் வந்த மெண்டெஸ் கோட்பாடுகளை அடிப்படையாக வையுங்கள்: ஒப்புதலைக் குறிவைக்காமல் தகவலைக் குறிவைக்கும் நேர்காணல், திறந்த கேள்விகள், முழு ஒலி ஒளிப் பதிவு. இதை 'மனித உரிமை' என்ற தலைப்பில் கடைசி நாள் மாலை ஒரு மணி நேரமாகத் தள்ளினால் எல்லாரும் விமான டிக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேர்காணல் பாடத்துக்குள்ளேயே கரைத்துவிடுங்கள்.

—

செம்பனைக்காடு எழுதியது:

ஆள் தேர்வு: அழைப்புக் கடிதத்தில் 'தகுந்த அதிகாரி' என்று எழுதினால் தகுந்த அதிகாரி வரமாட்டார். மேசையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "வெளிநாட்டுக் கோரிக்கைகளைத் தினசரி கையாளும் பிரிவில் தற்போது பணியிலிருப்பவர், அடுத்த 18 மாதம் அதே பிரிவில் இருக்கப்போகிறவர்." எழுத்தில் உறுதி கேட்டாலும் மாற்றல் வரும், ஆகவே ஒரு பிரிவிலிருந்து இரண்டு பேர்.

அமெரிக்கப் பணம் என்றால் லேஹி சட்டப்படி ஆளையும் அவருடைய பிரிவையும் மனித உரிமை மீறல் பின்னணிக்காகச் சோதிப்பார்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, பணிப்பிரிவு ஒரு எழுத்துப் பிசகாமல் எட்டு வாரம் முன்பாவது போக வேண்டும். கடைசி வாரம் பெயரை மாற்றினால் அந்த நாற்காலி காலிதான். மாற்று ஆள் பெயரையும் முதலிலேயே அனுப்பிச் சோதனையை முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

—

சல்லடை எழுதியது:

கருவி நன்கொடை பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனசில்லை. வெடிபொருள் துகள் கண்டறியும் கருவியைப் பயிற்சியின் முடிவில் மாலை போட்டுக் கொடுப்பார்கள். அதற்கான தடவு பட்டையும் அளவீட்டு மாதிரியும் தீர்ந்ததும் அலமாரிக்குப் போய்விடும். கைப்பேசித் தரவெடுக்கும் மென்பொருளுக்கு ஆண்டு உரிமம் முடிந்தால் புது மாடல்கள் திறக்காது. மூன்று ஆண்டு நுகர்பொருள் செலவை யார் ஏற்கிறார்கள் என்று எழுத்தில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

விலையில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. கைப்பேசியைக் கைப்பற்றியதும் இணைப்பைத் துண்டிப்பது, திறந்திருக்கும் போனைப் பூட்டிக்கொள்ள விடாமல் இருப்பது, வன்தட்டை, அதில் எதையும் மாற்றவிடாத எழுதுதடுப்பான் வழியே மட்டும் நகலெடுப்பது, நகலெடுத்தவுடன் ஹேஷ் எண்ணை (தரவு மாறவில்லை என்று காட்டும் கணக்கீட்டு எண்) குறிப்பது. இந்தியாவில் பி.எஸ்.ஏ. (சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழிலேயே ஹேஷ் எண்ணுக்கு இடம் இருக்கிறது. அனுப்பும் நாடும் பெறும் நாடும் ஒரே முறையில், ஷா-256 என்று, முன்கூட்டியே பேசிக்கொண்டால் ஒரு வாய்தா மிச்சம்.

—

இருமொழியன் எழுதியது:

கடைசி நாள் கருத்துப் படிவத்தில் "மிக நன்று" என்று வட்டமிடுவது அளவீடு ஆகாது, அது மதிய உணவுக்கான மதிப்பெண். ஆறு மாதம் கழித்து எண்ண வேண்டியவை: வகுப்பில் சந்தித்த நாடுகளுக்கு இடையே எத்தனை கோரிக்கை போனது, எத்தனை முதல் முறையிலேயே ஏற்கப்பட்டது, பதிலுக்கு எத்தனை நாள்.

இன்னொரு சோதனை இன்னும் எளிது. வகுப்பு முடிந்து மூன்று மாதத்தில் முன்னறிவிப்பின்றி, அந்த நாட்டு நேரம் ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு, தொடர்புப் பட்டியலில் உள்ள பணி எண்ணுக்கு அழையுங்கள்.

—

வடகடல் எழுதியது:

தனி ஆள் கைப்பேசி எண்ணையா, மேசை எண்ணையா?

—

இருமொழியன் எழுதியது:

மேசை எண். ஆள் மாற்றலாகிப் போயிருப்பார்.